தனியாகச் செய்யுங்கள், கூடிக் காட்டுங்கள்: உங்கள் ஊரில் ஒரு செய்முறைக் குழு தொடங்க முழுமையான வழிகாட்டி

ஆப்பிள் நிறுவனம் ஒரு கார் ஷெட்டில் பிறந்த கதையைக் கேட்காதவர்கள் குறைவு. அதற்கு ஓராண்டு முந்தைய இன்னொரு கார் ஷெட்டைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 1975 மார்ச் 5, புதன்கிழமை மாலை. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் கார்டன் ஃபிரெஞ்ச் என்ற பொறியாளரின் ஷெட்டில் முப்பது பேர் அளவில் கூடினார்கள். அவரோடு சேர்ந்து அழைப்பு விடுத்த ஃபிரெட் மூர், போர் எதிர்ப்பு இயக்கத்திலிருந்து வந்தவர். ‘சொந்தமாகக் கம்ப்யூட்டர் கட்டுகிறீர்களா? அப்படியானால் வாருங்கள், தெரிந்ததைப் பகிர்ந்துகொள்ளலாம்’ என்பதுதான் துண்டறிக்கையின் சாரம். ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப் அன்று தொடங்கியது.

வந்தவர்களில் ஒருவர், ஹெச்பி நிறுவனத்தில் கால்குலேட்டர் பிரிவில் வேலை பார்த்த ஸ்டீவ் வோஸ்னியாக்; பின்னாளில் ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவர். நண்பர் இழுத்ததால் வந்தார். பேச்சு கம்ப்யூட்டரின் மூளையான மைக்ரோபிராசசர் சிப் பக்கம் திரும்பியதும், தெரியாத இடத்துக்கு வந்துவிட்டோமே என்று சங்கடப்பட்டிருக்கிறார். ஆனாலும் போகும்போது, அங்கே கிடைத்த ஒரு சிப்பின் விவரத்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். அன்றிரவு அதைப் படித்தபோதுதான் பிற்பாடு ஆப்பிளின் முதல் கம்ப்யூட்டரான ஆப்பிள்-1 ஆன கருவி மனதில் உருவானது.

விவரத்தாள் குழுவிலிருந்து வந்தது. வடிவமைப்பு அவர் தனியாக, வேலை முடிந்த இரவுகளில் செய்தது. செய்ததைக் காட்ட இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே குழுவுக்குத் திரும்பி வந்தார். பலபேர் வட்டமாக உட்கார்ந்து யோசித்தால் புதுமை பிறக்கும் என்று கம்பெனிப் பயிற்சி வகுப்புகளில் சொல்வதை நான் நம்புவதில்லை. தனியாகச் செய்தவர்கள் கூடிக் காட்டும்போதுதான் அடுத்த அடி விழுகிறது. இந்த வழிகாட்டியில் உள்ள படிகள் எல்லாம் இதை வைத்துத்தான்.

படி 1: தலைப்பை விட்டுவிடுங்கள், ஒரு பொருளை மேசையில் வையுங்கள்

‘செயற்கை நுண்ணறிவும் எதிர்காலமும்’ என்று அறிவித்தால் கூட்டம் வரும், கைதட்டும், கலையும். மென்லோ பார்க் ஷெட்டில் ஒரு பொருள் இருந்தது: ஆல்டேர் 8800. 1975 ஜனவரி மாதத்து ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ இதழின் அட்டையில் வந்த கம்ப்யூட்டர். 400 டாலருக்குச் சற்றுக் குறைவான அறிமுக விலைக்கு உதிரி பாகங்களாக வாங்கி வீட்டில் கோத்துக்கொள்ளலாம். திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. முன்பக்கம் சுவிட்சுகளும் சிறு விளக்குகளும் மட்டும். வாங்கியவர்களுக்கே அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆகவே அடுத்தவரிடம் கேட்டே தீர வேண்டியிருந்தது.

உங்கள் பொருளும் அப்படிப்பட்டதாக இருக்கட்டும்: கைக்கு எட்டும் விலை, பாதிதான் புரியும், ஏதாவது செய்தால் உடனே பதில் சொல்லும். ஈஎஸ்பி32 என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணு போர்டும் மண் ஈரப்பத சென்சாரும் போதும். செல்போனால் இயங்கும் பம்புசெட் ஸ்டார்ட்டர் இன்னும் நல்லது. கடையில் கிடைப்பதுதான், ஆனால் மின்சாரம் விட்டுவிட்டு வரும் ஊரில் நடுராத்திரி மோட்டார் போடத் தோட்டத்துக்கு நடந்தவர் கேட்கும் கேள்விகள் எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்காது. மின் இணைப்பு உள்ள எதையும், குறிப்பாக மூன்று பேஸ் லைனை, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் பக்கத்தில் இல்லாமல் தொடக்கூடாது என்பதை முதல் நாளே விதியாக வைத்துவிடுங்கள்.

பழுதுபார்ப்பில் தொடங்குவதும் உண்டு. மார்ட்டினா போஸ்ட்மா 2009 அக்டோபர் 18 அன்று ஆம்ஸ்டர்டாமில் முதல் ‘ரிப்பேர் கஃபே’யை நடத்தினார். கெட்டுப்போன பொருளைக் கொண்டுவந்தால் தன்னார்வலர்கள் கூட உட்கார்ந்து சரிசெய்ய உதவுவார்கள். இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. இதை நம் ஊரில் அப்படியே நடத்தாதீர்கள். அங்கே பழுதுபார்ப்பவர் அரிது. இங்கே நாலு தெருவுக்கு ஒரு மிக்சி, கிரைண்டர் சர்வீஸ் கடை இருக்கிறது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை இலவசமாகப் பார்த்துக் கொடுத்தால் அந்த அண்ணனின் வயிற்றில் அடித்த மாதிரி. அவரைக் கூப்பிட்டு, அன்றைய வருமானம் போகாதபடி ஒரு தொகை கொடுத்து, மோட்டார் எங்கே எரியும், ஏன் எரியும் என்று கற்றுத்தரச் சொல்லுங்கள்.

படி 2: ஏற்கெனவே தெரிந்தவர்களோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்

1973-இல் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் ஒரு கட்டுரை எழுதினார். வேலை மாறியவர்களிடம் ‘தகவல் யார் மூலம் வந்தது’ என்று விசாரித்தபோது, நெருங்கிய நண்பர்களைவிட எப்போதாவது சந்திக்கும் அறிமுகங்கள்தான் அதிகம் வந்தன. காரணம் எளிது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். புதிய சேதி வேறு வட்டத்திலிருந்துதான் வரவேண்டும்.

ஆகவே முதல் அழைப்பிலேயே கலவையைப் பாருங்கள். பாலிடெக்னிக் மாணவர்கள் தானாக வருவார்கள், அவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். தேடிப்போய்க் கூப்பிட வேண்டியவர்கள் வேறு: லேத் பட்டறைக்காரர், மோட்டார் காயில் கட்டுபவர், செல்போன் போர்டில் ஐசி மாற்றுபவர், தையல் மெஷின் மெக்கானிக், ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், இயற்பியல் ஆசிரியை, சொட்டுநீர் போட்ட விவசாயி. இவர்களுக்கு வாட்ஸ்அப்பில் போஸ்டர் அனுப்பினால் வரமாட்டார்கள். கடைக்கே போய், ‘அண்ணே, எங்க பசங்க ஒண்ணு செய்யறாங்க, வந்து பார்த்து தப்பு எங்கன்னு சொல்லணும்’ என்று கேட்டால் வருவார்கள். ‘கௌரவ விருந்தினர்’ என்று அழைத்தால் வேட்டி சட்டையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, பேசாமல் போய்விடுவார்கள்.

மென்லோ பார்க்கிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாத ஒன்றும் இருக்கிறது. அங்கே ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். நம் ஊரில் மாலை ஏழு மணிக்கு வைத்தால் இங்கேயும் அதேதான் நடக்கும். பகலில் வையுங்கள். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், பூட்டு வேலை செய்கிற கழிப்பறை உள்ள இடத்தில் வையுங்கள். குழந்தையோடு வந்தாலும் சரி என்று அழைப்பிலேயே எழுதுங்கள். ‘பெண்களும் வரலாம்’ என்று ஒரு வரி சேர்ப்பதைவிட இவை பலன் தரும்.

படி 3: இடம், நாள்

இதில் அதிகம் யோசிக்க வேண்டாம். நூலக மாடி, டியூஷன் சென்டரின் ஞாயிற்றுக்கிழமை, பள்ளி ஆய்வகம், எதுவானாலும் சரி. நாளை மட்டும் மாற்றாதீர்கள். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு என்றால் மழையோ திருவிழாவோ அதே நாள். மூன்று பேர் வந்தாலும் நடக்கும். ‘எல்லோருக்கும் வசதியான தேதி’ என்று குழுவில் வாக்கெடுப்பு நடத்தத் தொடங்கினால் அது முடிவின் ஆரம்பம்.

அறை சிறியதாக இருப்பது நல்லது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஆலன் 1970களில் ஆராய்ச்சிக் கூடங்களில் பொறியாளர்கள் யாரோடு பேசுகிறார்கள் என்று அளந்து பார்த்தார். இருக்கைகளுக்கு இடையே தூரம் கூடக்கூடப் பேச்சு சரசரவென்று குறைந்தது. ஐம்பது மீட்டர் தள்ளி இருப்பவரும் வேறு ஊரில் இருப்பவரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கல்யாண மண்டபம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கருவிகளுக்கும் பெரிய செலவு கூடாது. இரண்டு சால்டரிங் அயர்ன், ஒரு மல்டிமீட்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஸ்க்ரூடிரைவர் செட், கரும்பலகை. 3டி பிரிண்டர் வாங்க நிதி திரட்டும் வேலையில் இறங்காதீர்கள். பிரிண்டருக்குப் பூட்டுப் போடுவது, சாவி யாரிடம் என்பது, யார் கெடுத்தார்கள் என்பது என்று பேச்சு அதிலேயே போய்விடும்.

படி 4: சந்திப்பை நடத்துவது

ஹோம்புரூ குழு வெகு சீக்கிரம் ஷெட்டுக்குள் அடங்காமல் போயிற்று. ஸ்டான்போர்டின் துகள் முடுக்கி ஆய்வுக்கூட அரங்குக்கு மாறியபின் நூற்றுக்கணக்கில் வரத் தொடங்கினார்கள். அத்தனை பேரை வைத்துக்கொண்டும் அது பேச்சாளர் மேடையாக மாறவில்லை. நடத்தியவர் லீ ஃபெல்சென்ஸ்டைன். பின்னாளில் ஆஸ்போர்ன்-1 என்ற தூக்கிச் செல்லும் கம்ப்யூட்டரை வடிவமைத்தவர். மாலையை அவர் இரண்டு பகுதிகளாகப் பிரித்தார். இந்த ஏற்பாடுதான் நாம் அங்கிருந்து கற்க வேண்டியவற்றில் முதலாவது.

முதல் பகுதி அறிவிப்புச் சுற்று. கை தூக்குபவர் எழுந்து, தன்னிடம் என்ன இருக்கிறது, என்ன தேவை, என்ன கேள்விப்பட்டேன் என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். விளக்கவுரைக்கோ விவாதத்துக்கோ அங்கே இடமில்லை. இரண்டாவது பகுதியில் நாற்காலி வரிசை கலைந்துவிடும். யார் யாரிடம் பேச வேண்டும் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும், தேடிப்போய்ப் பிடித்துக்கொள்வார்கள்.

இதை நம் அளவுக்கு வெட்டித் தைத்தால் இப்படி வரும். மூன்று மணி நேரச் சந்திப்பு என்றால், முதல் முக்கால் மணி நேரம் சுற்று. ஆளுக்கு ஒரு நிமிடம், மூன்றே வாக்கியம்: என்ன செய்துகொண்டிருக்கிறேன், எங்கே மாட்டிக்கொண்டேன், என்னால் யாருக்கு என்ன உதவி முடியும். ஒருவர் கரும்பலகையில் பெயரையும் சிக்கலையும் எழுதிக்கொண்டே வரவேண்டும். ‘மணி, ரிலே சூடாகிறது.’ ‘ஃபாத்திமா, பழைய லேப்டாப் பேட்டரி செல் வேண்டும்.’ இடையில் யாராவது பதில் சொல்லத் தொடங்கினால், ‘அண்ணே, அப்புறம்’ என்று நிறுத்துங்கள். முதலில் முரட்டுத்தனமாகத் தெரியும், இரண்டு மாதத்தில் பழகிவிடும். மூத்தவர்களை நிறுத்துவது நம் ஊரில் சங்கடம்தான். அதனால் நேரம் பார்க்கும் பொறுப்பை ஒரு பள்ளி மாணவியிடம் கொடுத்துவிடுங்கள். குழந்தை கையைக் காட்டினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

பிறகு டீ. டீக்கு அரைமணி நேரமாவது வேண்டும், ஏனென்றால் உண்மையான சந்திப்பு அங்கேதான் தொடங்குகிறது. அதற்குப் பின் மிச்ச நேரம் முழுவதும் மேசைகளில் வேலை.

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இந்த முறை பெரிய உதவி. வோஸ்னியாக் அந்த அரங்கில் கைதூக்கிப் பேசத் துணியாதவர். தன் சர்க்யூட் போர்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிடுவார். பார்த்தவர்கள் சுற்றி நின்று கேள்வி கேட்பார்கள்; கேட்டதற்குப் பதில் சொல்வார். பேச வராதவருக்கு அவர் செய்த பொருள் பேசியது. ஆகவே உங்கள் குழுவில் ‘ஏன் தம்பி பேசாமலே இருக்கே’ என்று யாரையும் எழுப்பிவிடாதீர்கள். ‘அடுத்த தடவை அதை எடுத்துட்டு வா, மேசையில வை’ என்று சொல்லுங்கள்.

அரைகுறையாக இருப்பதையும் கொண்டுவரச் சொல்லுங்கள். முடிந்ததை மட்டும் காட்டும் இடத்தில் பாராட்டு கிடைக்கும், உதவி கிடைக்காது. 1975 ஏப்ரலில் ஸ்டீவ் டாம்பியர் என்ற உறுப்பினர் ஆல்டேரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் ஒலி எழுப்ப எந்த வசதியும் இல்லை. ஆனால் நிரல் ஓடும்போது பக்கத்தில் இருந்த ரேடியோவில் இரைச்சல் கேட்பதை வீட்டில் கவனித்திருந்தார். எந்த எண்ணுக்கு எந்த ஸ்வரம் வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, சுவிட்சுகளைத் தட்டித்தட்டி நிரலை ஏற்றி, பீட்டில்ஸ் இசைக்குழுவின் பாடல் ஒன்றை ரேடியோ வழியாக வாசித்துக் காட்டினார். பயன்பாடு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. கூடியிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். விளக்கு மினுக்குவதைத் தவிர ஒன்றும் செய்யாது என்று நினைத்த பெட்டி அன்று முதல் அவர்களுக்கு வேறு பெட்டி ஆகிவிட்டது. உங்கள் குழுவில் ஒருவர் பொழுதுபோக்காக எதையாவது செய்து வந்தால், ‘இதனால என்ன லாபம்’ என்று கேட்பவரைத் தள்ளி உட்கார வையுங்கள்.

படி 5: யோசனை கேட்பதற்கு முன் தாளைக் கொடுங்கள்

சில சமயம் குழுவாகச் சேர்ந்து ஒரு சிக்கலை யோசிக்கத்தான் வேண்டியிருக்கும். அப்போது ‘எல்லாரும் தோணுறதைச் சொல்லுங்க’ என்று ஆரம்பிக்காதீர்கள். 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் டெய்லர், பெர்ரி, பிளாக் மூவரும் இதைச் சோதித்தார்கள். நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து யோசித்த குழுக்களைவிட, நான்கு பேர் தனித்தனியாக யோசித்து எழுதியதைப் பின்னர் ஒன்றாகச் சேர்த்தபோது அதிக யோசனைகள் கிடைத்தன. பின்னால் வந்த ஆய்வுகள் காரணத்தையும் காட்டின: ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்கிறார்கள், காத்திருக்கும் நேரத்தில் தம் யோசனை மறந்துபோகிறது, அல்லது அதைச் சொல்லத் தயக்கம் வந்துவிடுகிறது.

பத்து நிமிடம் ஆளுக்கொரு தாள். யாரும் பேசக்கூடாது. பிறகு தாள்களை மேசையில் பரப்பிப் படியுங்கள், பெயர் வேண்டாம். நம் ஊரில் பெயர் இல்லாமல் இருப்பதற்கு இன்னொரு பலன் உண்டு. வாத்தியார் சொன்னதை மாணவன் மறுக்கமாட்டான். யார் எழுதியது என்று தெரியாத தாளை மறுப்பான்.

படி 6: எழுதி வையுங்கள், உரிமையைப் பேசி வையுங்கள்

முதல் சந்திப்பு முடிந்த பத்தாம் நாளே ஹோம்புரூ குழுவின் செய்திமடல் தயாராகிவிட்டது. ஃபிரெட் மூர் தொகுத்தது. யார் என்ன செய்கிறார்கள், யாருக்கு என்ன வேண்டும் என்ற பட்டியல்தான் அதில் பெரும்பகுதி. வராதவரும் அதைப் படித்துவிட்டு அடுத்த முறை வந்தார்.

கரும்பலகையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது தொடக்கத்துக்குப் போதும். அதோடு ஒரு நோட்டில், சர்க்யூட் படம், எந்தக் கடையில் எந்தப் பாகம், என்ன விலை, எது வேலை செய்யவில்லை என்று எழுதி வாருங்கள். வாட்ஸ்அப்பை நம்பி இருந்துவிடாதீர்கள். காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்த சர்க்யூட்டை யாராலும் தோண்டி எடுக்க முடியாது.

வோஸ்னியாக் தன் ஆப்பிள்-1 வரைபடத்தை நகலெடுத்து உறுப்பினர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார். சிலர் வீட்டில் கட்டிக்கொள்ளப் போய் உதவியும் செய்தார். எல்லோரும் அப்படிக் கொடுக்க விரும்பமாட்டார்கள் என்பதும் அதே குழுவில்தான் தெரிந்தது. ஆல்டேருக்காக பில் கேட்ஸும் பால் ஆலனும் எழுதிய பேசிக் என்ற நிரல் மொழி மென்பொருள் இருந்த காகித நாடாவை உறுப்பினர்கள் நகலெடுத்துப் பரப்பினார்கள். 1976 பிப்ரவரி 3 தேதியிட்டு கேட்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்: பயன்படுத்துபவர்களில் பெரும்பாலோர் காசு கொடுத்து வாங்கவில்லை, தாங்கள் போட்ட உழைப்புக்கு மணிக்கு இரண்டு டாலர்கூடத் தேறவில்லை என்று. அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அதே காலகட்டத்தில் இன்னொரு பக்கம், டென்னிஸ் அலிசன் வகுத்த ‘டைனி பேசிக்’ திட்டத்தைப் பலர் தாங்களே எழுதி இலவசமாக வெளியிட்டார்கள். பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றால் பகிரத் தக்கதை நாமே செய்துகொள்ளலாம் என்பது அவர்கள் காட்டிய வழி.

இதிலிருந்து உங்களுக்கு ஒரே வேலை: முதல் மாதமே ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள். மேசையில் வைத்துக் காட்டியதை யாரும் கற்றுக்கொள்ளலாம், தன் வீட்டுக்குச் செய்துகொள்ளலாம். விற்பதென்றால் செய்தவரைக் கேட்க வேண்டும். காட்ட விருப்பமில்லாததை யாரும் வற்புறுத்தக் கூடாது. பொறியியல் கல்லூரி இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காக யாரோ ஒருவர் பட்டறைக்காரரின் வடிவத்தை அப்படியே எடுத்துத் தன் பெயரில் போட்டுவிடும் ஆபத்து இங்கே நிஜம். அந்த அண்ணன் அதன்பின் வரமாட்டார், அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் வரமாட்டார்கள்.

படி 7: தூரத்தில் இருப்பவர்களோடு

ஒரே அறை அவசியமில்லாத வேலைகளும் உண்டு. நாமே கண்ட சான்று தமிழ்க் கணினி. 1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு; ஒன்றில் தட்டியது இன்னொன்றில் புரியாத குறிகளாகத் தெரியும். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, இந்தியா, சுவிட்சர்லாந்து, அமெரிக்கா என்று சிதறிக் கிடந்த ஆர்வலர்கள் மின்னஞ்சலிலேயே வாதாடி டிஸ்கி என்ற பொதுக் குறியீட்டுக்கு வந்தார்கள். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, மதுரைத் திட்டம் தொடங்கியது. தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டெழுதி, வேறு சிலர் பிழைதிருத்தி, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ள வைக்கும் பணி. ஒருவரையொருவர் நேரில் பார்க்காமலே பலர் அதில் உழைத்தார்கள்.

அது நடந்ததற்குக் காரணம், வேலையைத் துண்டு போட முடிந்தது. ஒருவர் ஒரு நூலைத் தட்டலாம், இன்னொருவர் திருத்தலாம், யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். ஆகவே உங்கள் குழு வேலையையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள்: மென்பொருள், மொழிபெயர்ப்பு, ஆவணம் எல்லாம் துபாயில் இருக்கும் ஊர்க்காரருக்குப் போகட்டும். ரிலே ஏன் சூடாகிறது என்பதற்கு மட்டும் நேரில் வந்து கை வைத்துப் பார்க்க வேண்டும்.

படி 8: காசு வாசலில் வந்து நிற்கும்போது

குழு நன்றாக நடந்தால் ஒருநாள் யாராவது எதையாவது விற்கத் தொடங்குவார். இதைத் துரோகமாகப் பார்க்காதீர்கள். வோஸ்னியாக் தன் வடிவத்தை முதலில் வேலை பார்த்த ஹெச்பிக்கே கொடுக்க முன்வந்தார். அவர்கள் வேண்டாம் என்றார்கள். முதல் பெரிய ஆர்டர் கிளப்பின் அறிமுகத்தில்தான் வந்தது: சந்திப்புகளுக்கு வந்துபோன பால் டெரல், மவுன்டன் வியூவில் இருந்த தன் பைட் ஷாப் கடைக்காக 50 கம்ப்யூட்டர்கள் கேட்டார். மூன்றாண்டு ஆராய்ந்து தேடினாலும் கிடைக்காத வாடிக்கையாளர் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார்.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. உறுப்பினர்கள் நிறுவனம் நடத்த ஆரம்பித்ததும் அடுத்த தயாரிப்பைப் பற்றி வாய் திறப்பது குறைந்தது. இதைத் தடுக்க முடியாது, சமாளிக்கலாம். கம்பெனி தொடங்கியவர் புதிய தயாரிப்பைக் காட்ட வேண்டாம், ஆனால் பழைய தவறுகளைக் காட்டலாம் என்று வழக்கம் வையுங்கள். எந்த சப்ளையர் ஏமாற்றினார், ஜிஎஸ்டி பதிவில் எங்கே சிக்கினார், எந்தப் பாகம் வெயிலில் உருகியது என்பது புதிதாக வருபவருக்குத் தங்கம். நடத்தும் பொறுப்பையும் ஆண்டுக்கு ஒருமுறை கை மாற்றுங்கள். நிரந்தரத் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று லெட்டர்பேட் அடித்துவிட்டால் அடுத்த மாதமே சால்வை போர்த்தும் நிகழ்ச்சி சேர்ந்துவிடும்.

ஹோம்புரூ கிளப் 1986 டிசம்பரில் கடைசியாகக் கூடியது. அதற்குள் கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கும் பொருளாகிவிட்டது; கேட்டே தீர வேண்டிய கேள்விகள் தீர்ந்துபோயின. உங்கள் குழுவிலும் அறிவிப்புச் சுற்றில் ‘மாட்டிக்கொண்டேன்’ என்று சொல்பவர் தொடர்ந்து சில மாதங்கள் யாருமே இல்லையென்றால் இரண்டு வழிதான். மேசைக்கு வேறு பொருளைக் கொண்டுவாருங்கள். அது ஒத்துவராவிட்டால் கருவிகளைப் பள்ளி ஆய்வகத்துக்கும், குறிப்பு நோட்டை நூலகத்துக்கும் கொடுத்துவிட்டு முடித்துக்கொள்ளுங்கள்.